பழைய ஆம்னி வேனில் ஸ்டீயரிங் ஆட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆம்னி என்றதும் கிளாம்பாக்கத்தில் நிற்கும் படுக்கை வசதி பஸ் ஞாபகம் வந்தால், இது அது இல்லை. இது மாருதியின் டப்பா வேன். சினிமாவில் ஆளைக் கடத்த வேண்டும் என்றால் பக்கவாட்டுக் கதவைச் சர்ரென்று திறந்துகொண்டு வந்து நிற்குமே, அது. 1984ல் ‘மாருதி வேன்’ என்று வந்தது, 1988ல் ஆம்னி ஆனது, 2019ல் தயாரிப்பு நின்றது. எங்கள் வீட்டில் இருப்பது 2003 மாடல். கல்யாண சமையலுக்கு அண்டா, குண்டான் ஏற்றி இறக்கும் வண்டி. அதன் முன்பக்கத்தை நானும் எங்கள் ஊர் மெக்கானிக்கும் சேர்ந்து மூன்று முறை பிரித்துப் பூட்டியிருக்கிறோம். அப்புறம் என்ன, தெருவில் யார் வீட்டு ஆம்னி ஆடினாலும் என்னிடம்தான் வருகிறார்கள். அவர்கள் கேட்பதும் நான் சொல்வதும்தான் கீழே இருக்கிறது. சொல்வதெல்லாம் ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங் உள்ள ஆம்னிக்கு.

ஸ்டீயரிங் ஆடுகிறது. எந்தப் பார்ட் போயிருக்கும்?

அதைப் பார்க்காமல் சொல்ல முடியாது. பார்க்காமல் சொல்கிற ஆளிடம் வண்டியை விடாதீர்கள்.

கையில் பிடிக்கிற வட்டத்திலிருந்து டயர் வரைக்கும் ஒரு சங்கிலி இருக்கிறது. வட்டத்துக்குக் கீழே ஸ்டீயரிங் ஷாஃப்ட், அதில் ஜாயின்ட். ஷாஃப்ட்டின் அடியில் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம். அது ரேக் என்கிற பல் வைத்த கம்பியை இடமும் வலமும் தள்ளும். ரேக்கின் இரண்டு முனையிலும் ‘பூட்’ என்கிற ரப்பர் உறைக்குள்ளே மறைந்து ஒரு பந்து மூட்டு, அதுதான் ரேக் எண்டு. அங்கிருந்து ஒரு கம்பி வெளியே வந்து, அதன் நுனியில் இன்னொரு பந்து மூட்டு, அது டை ராடு எண்டு. அதுதான் சக்கரத்தைப் பிடித்திருக்கும் நக்கிளைத் திருப்புகிறது. நக்கிள் கீழே, சக்கரத்தை வண்டியோடு இணைக்கிற லோயர் ஆர்ம் என்ற இரும்புக் கையின் பால் ஜாயின்ட்டிலும் (அதுவும் பந்து மூட்டுதான்) மேலே ஷாக் அப்சார்பரிலும் நிற்கிறது.

இத்தனை மூட்டிலும் ஆளுக்குக் கால் மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும், கைக்கு வரும்போது அது இரண்டு விரல் அளவு ஆட்டமாகத் தெரியும். ஆம்னியில் இன்னொன்றும் உண்டு. டிரைவர் முன் சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார், கால் சக்கரத்தைத் தாண்டி முன்னால் இருக்கிறது. அதனால் கீழே ஏற்படுகிற ஒவ்வொரு ‘டக்’கும் சீட்டுக்கும் கைக்கும் நேராக வந்துவிடும். காரில் ஆறு மாசம் கழித்துத் தெரிகிற கோளாறு இதில் முதல் வாரமே தெரியும். அந்த வகையில் நல்ல வண்டி.

எவ்வளவு ஆட்டம் இருந்தால் சரி, எவ்வளவு இருந்தால் தப்பு?

சட்டப்படி ஒரு கணக்கு உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, 98வது விதி: ஸ்டீயரிங் வட்டத்தில் வீண் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதே விதியில், ஸ்டீயரிங் இணைப்பில் உள்ள பந்து மூட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழன்றுவிடாதபடி பூட்டியிருக்க வேண்டும் என்றும் இருக்கிறது.

ஆனால் 30 டிகிரி என்பது ஆம்னியின் வட்டத்தில் விளிம்பில் அளந்தால் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். ஒரு கை அகலம்! அந்த அளவுக்கு ஆடுகிற வண்டியை நான் பக்கத்துத் தெருவுக்குக்கூட எடுக்க மாட்டேன். இந்த மாதிரி சின்ன வண்டிகளில் 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஆரோக்கியம். வண்டியை நேராக நிறுத்தி, வட்டத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, பக்கத்தில் ஸ்கேலைப் பிடித்து, டயர் அசையத் தொடங்கும் வரை இரண்டு பக்கமும் மெல்ல அசைத்துப் பாருங்கள். இரண்டு நிமிஷ வேலை.

வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. இதுதான் மொத்த வேலையில் முக்கியமான பகுதி. பார்ட்டை மாற்றுவது பிறகு ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். எந்தப் பார்ட் என்று தெரியாமல் மாற்ற ஆரம்பித்தால்தான் பணம் ஓடும்.

முதலில் நான்கு டயரும் தரையில் இருக்கட்டும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யத் தேவையில்லை. மேலே இருப்பவர் வட்டத்தை மணியாட்டுவது போலச் சின்னதாக, டக் டக் என்று இடம் வலம் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கீழே இருப்பவர் ஒவ்வொரு மூட்டாக விரலை வைத்துப் பார்க்க வேண்டும். மூட்டின் இரண்டு பாதியிலும் விரல் படும்படி வையுங்கள். நல்ல மூட்டு என்றால் இரண்டு பாதியும் சேர்ந்தே நகரும். தேய்ந்த மூட்டில் ஒரு பாதி முதலில் போகும், மற்றது பின்னால் போய்ச் சேரும். அந்த இடைவெளியில் ஒரு சின்னத் தட்டல் விரல் நுனியில் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரலுக்குத் தெரிந்துவிடும்.

ரேக் எண்டு ரப்பர் உறைக்குள் இருப்பதால் நேராகத் தொட முடியாது. மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்த ரப்பரை வெளியிலிருந்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு அசைக்கச் சொல்லுங்கள், தட்டல் ரப்பர் வழியாகவே வரும். ஷாஃப்ட்டின் ஜாயின்ட்டையும் மறக்காதீர்கள். வட்டம் அசைகிறது, பினியனுக்குள் நுழைகிற தண்டு அசையவில்லை என்றால் கோளாறு மேலேயேதான் இருக்கிறது, கீழே படுக்கவே தேவையில்லை.

அடுத்தது ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிப் பார்ப்பது. ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கிக்குப் பக்கத்தில் ஸ்டாண்டும் வைத்த பிறகுதான் கையை நீட்ட வேண்டும். வண்டியோடு கொடுக்கிற ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான், அதை நம்பி உள்ளே தலையை விடக் கூடாது. தூக்கிய சக்கரத்தைக் கடிகாரம் என்று வைத்துக்கொண்டால், 9 மணியிலும் 3 மணியிலும் பிடித்து அசைத்தால் தெரிகிற ஆட்டம் பெரும்பாலும் டை ராடு எண்டு, ரேக் எண்டு, ரேக் வகையறா. 12 மணியிலும் 6 மணியிலும் பிடித்து அசைத்தால் தெரிவது வீல் பேரிங் அல்லது லோயர் பால் ஜாயின்ட்.

பேரிங்கா, பால் ஜாயின்ட்டா? அதைப் பிரிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. மேலே இருப்பவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி 12க்கும் 6க்கும் அசையுங்கள். பிரேக் பிடித்தால் ஹப்பும் நக்கிளும் ஒன்றாகிவிடும், பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். மறையவில்லை என்றால் பால் ஜாயின்ட்டைப் பாருங்கள். 9-3, 12-6 இரண்டு பிடியிலும் ஆட்டம் என்றால் முதலில் பேரிங்கைச் சரி செய்துவிட்டு மற்றதைப் பாருங்கள், இல்லாவிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

மெக்கானிக் ரேக்கையே மாற்ற வேண்டும் என்கிறார். சரியா?

சில வண்டிகளில் சரிதான். ஆனால் கடைசியில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்கிறாரா என்று பாருங்கள்.

எங்கள் வண்டிக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் வெளியூரில் ஒரு பட்டறையில் விட்டோம். ஆட்டம் அதிகம், ரேக் போச்சு என்றார்கள். மாற்றினோம். சில ஆயிரம் ரூபாய் போனது. ஊருக்கு வந்து சேருவதற்குள் அதே ஆட்டம். எங்கள் மெக்கானிக் படுத்துப் பார்த்தார். என் தங்கை மகன் மேலே வட்டத்தை அசைத்தான். ‘இங்க கை வைங்க’ என்றார் மெக்கானிக். கை வைத்தேன். ரேக்கின் குழாய் முழுசாக, உடம்போடு இடமும் வலமும் நகர்ந்துகொண்டிருந்தது. தீப்பெட்டிக்குள் குச்சி அசையாமல், பெட்டியே கைக்குள் ஆடினால் எப்படி இருக்கும், அப்படி. ரேக்கை சேஸிஸோடு பிடிக்கிற கிளாம்பின் ரப்பர் புஷ் நைந்து போயிருந்தது. புது ரேக்குக்கும் அந்தப் பழைய ரப்பரையே போட்டுப் பூட்டியிருந்தார்கள். ஒரு வேளை சாப்பாட்டுக் காசுக்கு வருகிற ரப்பர்.

ஆகவே ரேக்கைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியது: கிளாம்ப் ரப்பர், ஷாஃப்ட் ஜாயின்ட், இரண்டு பக்க டை ராடு எண்டு, இரண்டு பக்க ரேக் எண்டு. எல்லாம் நன்றாக இருந்தும் பினியனுக்கும் ரேக்குக்கும் நடுவே ஆட்டம் இருந்தால்தான் ரேக்.

ரேக்கில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறதாமே, அதை டைட் செய்தால் ஆட்டம் போய்விடும் என்கிறார்களே?

போகும். கூடவே வேறு ஒன்று வரும்.

அந்த ஸ்க்ரூ ஒரு ஸ்பிரிங் வழியாக ரேக்கைப் பினியனோடு அழுத்தி வைக்கிறது. நாம் ஓட்டுவதில் பெரும்பாலும் வண்டி நேராகப் போகிறது, அதனால் ரேக்கின் நடுப்பகுதிப் பல்தான் தேயும். ஓரத்துப் பல் புதுசாகவே இருக்கும். தேய்ந்த நடுவுக்குத் தோதாக ஸ்க்ரூவை முறுக்கினால், முழுசாக ஒடிக்கும்போது தேயாத பல் வந்து இறுகிக்கொள்ளும். வளைவில் திருப்பிவிட்டுக் கையை விட்டால் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. ஆட்டத்தைவிட ஆபத்து அதுதான். கால் சுற்றுக்குள் முறுக்கி, வண்டியை நிறுத்தியபடி இரண்டு கோடி வரை ஒடித்து, எங்கேயும் பிடிக்கவில்லை என்றால் சரி. அதற்கு மேல் முறுக்க வேண்டியிருந்தால் ரேக்கின் காலம் முடிந்தது என்று அர்த்தம்.

அறுபதில் போனால் கை நடுங்குகிறது. இதுவும் ஆட்டம்தானா?

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து, அதைத் தாண்டினால் குறைகிற நடுக்கம் பெரும்பாலும் வீல் பேலன்ஸிங். ரிம் வளைந்திருக்கலாம், டயர் வீங்கியிருக்கலாம். பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் ஸ்டீயரிங் படபடவென்று அடித்து, வேகம் குறைத்தால்தான் நிற்கிறது என்றால் மூட்டுகளைப் பாருங்கள்.

பூட் கிழிந்திருக்கிறது, ஆனால் ஆட்டம் இல்லை. மாற்ற வேண்டுமா?

டை ராடு எண்டின் ரப்பர் கிழிந்திருந்தால், உள்ளே இருக்கும் கிரீஸை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் இப்போதுதான் கிழிந்திருக்கிறது, ரப்பரை மட்டும் மாற்றிக் கொஞ்சம் கிரீஸ் வைத்தால் ஓடும். நறநறவென்று மண் தட்டினால், அல்லது துரு நிறத்தில் தண்ணீராக இருந்தால், ஆட்டம் இன்னும் வரவில்லை என்றாலும் வந்துகொண்டிருக்கிறது. முழு எண்டையும் மாற்றிவிடுங்கள். கிழிந்த ரப்பருக்குள் சிரிஞ்சால் கிரீஸ் ஏற்றி அனுப்பும் வைத்தியம் ஒன்று இருக்கிறது. ஒரு மழைக்குத் தாங்கும்.

ரேக் பூட் கிழிந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். அதன் வழியாகத்தான் ரேக்கின் பல்லுக்கு மழைத்தண்ணீர் போகிறது. சில ஆயிரம் ரூபாய் பொருளைக் காப்பாற்றுவது அந்த ரப்பர்தான்.

டை ராடு எண்டை நானே மாற்றலாமா?

ஸ்பானர் பிடித்துப் பழக்கம் இருந்தால் தாராளமாக. முதல் தடவை தெரிந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங் வேலையில் ‘ஏறக்குறைய சரி’ என்று ஒன்று கிடையாது.

சக்கரத்தைக் கழற்றி, மூட்டை கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, திருகுகளுக்கு எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள். முந்தின நாள் இரவே விட்டால் இன்னும் நல்லது. பிறகு, எண்டு இன்னும் நக்கிளில் பூட்டியிருக்கும்போதே, கம்பியில் இருக்கும் லாக் நட்டைக் கால் சுற்று மட்டும் லூஸ் செய்யுங்கள். எண்டைக் கழற்றிய பிறகு செய்யப் போனால் கம்பி கூடவே சுற்றும். அந்த நட் இருந்த இடத்தில் ஒரு பெயின்ட் கோடு போட்டுவிடுங்கள்.

அடுத்தது ஸ்ப்ளிட் பின், அதாவது நட் கழலாமல் குறுக்கே செருகி மடித்திருக்கும் பின். பழைய வண்டியில் அது நேராக வராது, ஒடிந்துதான் வரும். வந்ததும் அந்தப் பின் நுழைகிற வெட்டுகள் உள்ள நட்டை (‘காசில் நட்’ என்பார்கள்) கழற்றுங்கள், ஆனால் முழுசாக எடுக்க வேண்டாம், இரண்டு மூன்று மரையில் நிற்கட்டும். எண்டின் தண்டு நக்கிளின் ஓட்டைக்குள் ஆப்பு மாதிரி இறங்கி உட்கார்ந்திருக்கும். நட்டை எடுத்தாலும் அது வராது. இங்கேதான் நிறைய பேர் தண்டின் நுனியில் சுத்தியலால் அடித்து மரையைக் காளான் ஆக்கிவிடுகிறார்கள். அடிக்க வேண்டியது தண்டை அல்ல, அது நுழைந்திருக்கும் நக்கிளின் காதை. ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் நறுக்கென்று நாலு அடி. ஓட்டை ஒரு கணம் நசுங்கி விரியும், ஆப்பு விட்டுவிடும். அதுவரை ‘டங் டங்’ என்று கேட்ட சத்தம் திடீரென்று மந்தமாக மாறும், எண்டு தொப்பென்று இறங்கி நட்டில் தொங்கி நிற்கும். நட்டை விட்டு வைத்தது அதற்குத்தான், இல்லாவிட்டால் முகத்துக்கு வரும். இரண்டு பல் உள்ள ஃபோர்க் வைத்துக் குடைந்தாலும் வரும், ஆனால் ரப்பர் கிழியும். தூக்கி எறியப்போகும் எண்டு என்றால் பரவாயில்லை.

இப்போது எண்டைக் கம்பியிலிருந்து சுற்றிக் கழற்றும்போது சுற்றை எண்ணுங்கள். பதினாலரை என்றால் பதினாலரை. சட்டையில் வேண்டுமானாலும் எழுதி வையுங்கள். புதுசை அதே கணக்கில் ஏற்றினால் அலைன்மென்ட் சென்டர் வரைக்கும் வண்டியை ஓட்டிப்போகிற அளவுக்கு டோ, அதாவது இரண்டு முன் டயரும் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கிற கோணம், வந்துவிடும். அதற்கு முன் பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளம், மரை, தண்டின் பருமன் ஒன்றா என்று பாருங்கள். டூப்ளிகேட்டில் இதெல்லாம் மாறும்.

பூட்டும்போது நக்கிள் ஓட்டையையும் தண்டையும் துணியால் துடைத்துக் காயவையுங்கள். அங்கே கிரீஸ் கூடாது. நட் இறுகும்போது தண்டு கூடவே சுற்றினால், அடியிலிருந்து லீவரால் எண்டை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு முறுக்குங்கள், பிடித்துக்கொள்ளும். கம்பெனி சொன்ன அளவுக்கு முறுக்கிய பிறகு பின் ஓட்டை நேராக வரவில்லை என்றால் அடுத்த வெட்டு வரும் வரை இன்னும் முறுக்க வேண்டும். ஓட்டைக்காக நட்டைத் திருப்பி லூஸ் செய்யவே கூடாது. ஸ்ப்ளிட் பின் எப்போதும் புதுசு. பழைய பின்னை நிமிர்த்திப் போடுவது, வெல்டிங் கம்பியை மடித்துப் போடுவது எல்லாம் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். டீக்கு ஆகிற காசுகூட ஆகாத ஒரு பொருளுக்கு எதற்கு இந்தச் சாமர்த்தியம்.

ரேக் எண்டு?

அதே கதைதான், கூடுதலாக ரேக் பூட்டைக் கழற்ற வேண்டும். ரேக் எண்டு திரும்பிவிடாமல் ஒரு வாஷரின் ஓரத்தை மடித்துப் பூட்டியிருப்பார்கள். அந்த மடிப்பை நிமிர்த்திக் கழற்றி, பூட்டும்போது புது வாஷரை மறுபடி மடிக்க வேண்டும். மடிக்க மறந்த எண்டு ஓட ஓடக் கழலும். ரப்பர் பூட்டைத் திரும்பப் போடும்போது அது முறுக்கிக்கொள்ளாமல் நேராக இருக்கிறதா என்று பாருங்கள்.

லோயர் பால் ஜாயின்ட் போனால் என்ன ஆகும்? ஆர்மை மாற்ற வேண்டுமா?

டை ராடு எண்டு கழன்றால் ஒரு சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். லோயர் பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரமே மடங்கி வண்டிக்கு அடியில் போகும். சாலையோரத்தில் முன் டயர் பப்பரப்பா என்று விரிந்து நிற்கிற வண்டிகளில் பாதி இந்த ரகம்தான். ஆம்னியில் வண்டியின் எடை ஷாக் அப்சார்பர் வழியாகப் போகிறது, இந்த மூட்டின் வழியாக இல்லை. அதனால் சக்கரத்தைத் தூக்கிவிட்டு ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவே லீவரை விட்டு நெம்பினாலே ஆட்டம் தெரிந்துவிடும். தெரிந்தால் அன்றைக்கு வண்டி எடுக்க வேண்டாம்.

ஜாயின்ட் தனியாகக் கிடைக்குமா, ஆர்மோடு சேர்ந்துதான் வருமா என்பதை உங்கள் மாடலின் பழைய பொருளைக் காட்டிக் கடையில் கேளுங்கள். எனக்குக் கேட்டால் ஆர்மோடு மாற்றுவதுதான் நல்லது, அந்த வயதில் புஷ்ஷும் போயிருக்கும். ஒன்று மட்டும் கவனம்: புஷ் போல்ட்டைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்காதீர்கள். வண்டியைக் கீழே இறக்கி, இரண்டு தடவை முன்னால் அமுக்கி ஆட்டிவிட்டு, பிறகு முறுக்குங்கள். அந்தரத்தில் இறுக்கிய ரப்பர் வண்டி இறங்கியதுமே முறுக்கேறி நிற்கும், சீக்கிரம் கிழியும்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றலாமா?

மாற்றலாம், தப்பில்லை. ஆனால் அலைன்மென்ட் கூலி ஒரு பக்கம் மாற்றினாலும் அதேதான். மறுபக்கம் அடுத்த மாசம் போனால் அந்தக் கூலியை இரண்டாம் தடவை கட்டுவீர்கள். டை ராடு எண்டு சில நூறு ரூபாய்ப் பொருள், ஜோடியாகப் போட்டுவிடுங்கள்.

வண்டி நின்றுபோச்சே, பார்ட்ஸ் கிடைக்கிறதா? எதை வாங்குவது?

கிடைக்கிறது. முப்பத்தைந்து வருஷம் ஓடிய மாடல், பாதி ஊரில் பூ வண்டியும் காய்கறி வண்டியும் இன்னும் இதுதான். சென்னையில் ஜி.பி. ரோடு, மற்ற ஊர்களில் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடை எதில் கேட்டாலும் ஆம்னி டை ராடு எண்டு இருக்கும். மாருதி ஜெனுயின் பெட்டியில் வருவது ஒரு வழி. மாருதிக்கு ஸ்டீயரிங் செய்துகொடுத்த சோனா நிறுவனம் இப்போது ஜேடெக்ட் இந்தியா என்ற பெயரில் இருக்கிறது. நம் ஊர் ரானே, ஸ்டீயரிங் இணைப்புப் பொருள்களில் ரொம்பக் காலமாக இருக்கிற பெயர். பெட்டியைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். கையில் எடுத்துத் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். புது எண்டு விறைப்பாக, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கஷ்டப்பட்டு அசைய வேண்டும். கடையிலேயே கொழகொழவென்று ஆடுகிறது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரப்பர் மெழுகு பூத்துக் காய்ந்திருந்தாலும் அப்படியே.

சென்னை புதுப்பேட்டையில், உடைத்த வண்டிகளின் பழைய பார்ட்டை வாங்கிப் போட்டால்?

கதவு வாங்குங்கள், கண்ணாடி வாங்குங்கள், சீட் வாங்குங்கள். பந்து மூட்டு வாங்காதீர்கள்.

எண்ணிப் பூட்டியாச்சு, வண்டி நேராகத்தான் போகிறது. அலைன்மென்ட் கட்டாயமா?

கட்டாயம். நேராகப் போவது வேறு, டயர் நேராக உருள்வது வேறு. இரண்டு முன் டயரும் சமமாகக் கோணியிருந்தால் வண்டி நேராகத்தான் போகும், டயர்தான் தேயும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆம்னியின் 12 அங்குல டயரின் வெளிவிட்டம் ஏறக்குறைய 54 சென்டிமீட்டர். இரண்டு முன் டயருக்கும் நடுவே உள்ள தூரத்தை முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் அளந்தால் இருக்க வேண்டிய வித்தியாசத்தைவிட 5 மில்லிமீட்டர் தப்பியிருக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இரண்டு டயரும் பங்குபோட்டுக்கொண்டு சுமார் 9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடும். நூறு கிலோமீட்டர் போய் வந்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தூரம் டயரைத் தாரில் தேய்த்த மாதிரி. புது டயர் சில ஆயிரம் கிலோமீட்டரில் கட்டை ஆவது இப்படித்தான்.

டயரே சொல்லும். உள்ளங்கையை டயரின் குறுக்கே, வெளியிலிருந்து உள்ளே ஒரு தடவை, உள்ளேயிருந்து வெளியே ஒரு தடவை தடவுங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் மீன் செதிலை எதிர்த்துத் தடவுகிற மாதிரி கையைப் பிடித்தால் டோ தப்பு. மூட்டில் ஆட்டம் இருக்கும்போதே அலைன்மென்ட் செய்வதும் வீண்தான். மெஷினில் நிற்கும்போது ஒரு அளவு, ரோட்டில் ஓடும்போது ஒரு அளவு. நல்ல சென்டரில் முதலில் சக்கரத்தை அசைத்துப் பார்த்து, ‘ஆட்டம் இருக்குண்ணே, மாத்திட்டு வாங்க’ என்று திருப்பி அனுப்புவார்கள். அவர்கள்மேல் கோபப்படாதீர்கள்.

எல்லாம் முடிந்தது. ஆனால் வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது.

ஒரு பக்கக் கம்பியில் மட்டும் டோ வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் எவ்வளவு கூட்டுகிறோமோ மறுபக்கம் அவ்வளவு குறைத்தால் டோ மாறாமல் வட்டம் மட்டும் நேராகும். அதைச் செய்யச் சொல்லுங்கள். வட்டத்தையே கழற்றி ஒரு பல் தள்ளிப் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பார்க்க நேராகிவிடும், ஆனால் ரேக் நடுவில் இருக்காது. இடப்பக்கம் நன்றாக ஒடியும், வலப்பக்கம் யூ டர்ன் அடிக்க முடியாது.

புது பார்ட்ஸ் போட்ட பிறகு ஸ்டீயரிங் கனமாக இருக்கிறதே?

புது மூட்டு கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், சில நாளில் பழகிவிடும். அப்படியும் கனம் என்றால் முதலில் டயரில் காற்றைப் பாருங்கள். அப்புறம் யாராவது ரேக் ஸ்க்ரூவை முறுக்கினார்களா, ஷாஃப்ட் ஜாயின்ட் துருப்பிடித்திருக்கிறதா, ஷாக் அப்சார்பரின் மேல் பேரிங் சுற்றுகிறதா. ஜாயின்ட் துரு என்றால் கனம் ஒரே சீராக இருக்காது, ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் பிடித்துப் பிடித்து விடும்.

பவர் ஸ்டீயரிங் மாற்றிவிடலாமா?

வேண்டாம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு தடுக்கிறது. சட்டத்தை விட்டாலும், இவ்வளவு லேசான வண்டிக்கு எதற்கு?

சாமான் ஏற்றினால்தான் ஸ்டீயரிங் அலைகிறது. காலியாக இருந்தால் சரியாக இருக்கிறது.

பின்னால் ஏற்றியிருக்கிறீர்கள். பின் அச்சுக்கும் பின்னால் கனம் போனால் முன்பக்கம் தூக்கும், முன் டயருக்குப் பிடிப்பு குறையும், இருக்கிற கொஞ்ச ஆட்டமும் பெரிசாகத் தெரியும். எங்கள் வண்டியில் அரிசி மூட்டையும் பெரிய அண்டாவும் முன் சீட்டுக்கு ஒட்டியபடி, தட்டும் கரண்டியும் கடைசியில். அப்படி மாற்றிய பிறகு பாதி அலைச்சல் நின்றது. பின்னால் இருக்கிற வில் பட்டை சாய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆர்.சி. புதுப்பிக்கப் போகிறேன். இதையெல்லாம் பார்ப்பார்களா?

சொந்த உபயோக வண்டிக்கு 15 வருஷம் முடிந்ததும், அதன்பின் 5 வருஷத்துக்கு ஒரு தடவையும் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும், அதற்கு வண்டியைக் காட்ட வேண்டும். ஸ்டீயரிங் ஆட்டம், கிழிந்த ரப்பர், பின் இல்லாத நட் எல்லாம் மேலே சொன்ன 98வது விதிக்குள் வருகிறது. போவதற்கு ஒரு மாசம் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். முந்தின நாள் போனால் பட்டறையில் என்ன கிடைக்கிறதோ அதைத்தான் போடுவார்கள்.

இப்போதைக்கு இப்படியே ஓட்டலாமா? பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி.

பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி என்றால் பதில் ஒன்றுதான்: நிறுத்துங்கள், பாருங்கள், பிறகு எடுங்கள். மற்ற வண்டிக்கு, கிளாம்ப் ரப்பரோ ரேக்கின் பல்லோ கொஞ்சம் தேய்ந்திருந்தால் மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். பந்து மூட்டில் கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால், அல்லது திருப்பும்போது ‘டொக்’ என்று ஒரே ஒரு சத்தம் புதுசாக வந்திருந்தால், மெக்கானிக்கை வண்டி நிற்கும் இடத்துக்கு வரச் சொல்லுங்கள். வர ஐந்நூறு ரூபாய் கேட்டால் கொடுங்கள்.

மாற்றிய பிறகு மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?

முதல் ஐந்நூறு கிலோமீட்டரில் ஒரு தடவை. லாக் நட்டில் போட்ட பெயின்ட் கோடு நகர்ந்திருக்கிறதா, ஸ்ப்ளிட் பின் இடத்தில் இருக்கிறதா, ரேக் பூட்டின் கிளிப் கழன்றிருக்கிறதா, அவ்வளவுதான். அதன்பின் ஆயில் மாற்றும்போதெல்லாம், எப்படியும் வண்டிக்கு அடியில் படுக்கிறோமே, அப்போது விரலை வைத்துப் பார்த்துவிடுகிறேன்.